உறவினர் ஊரில் பத்துக் கிலோமீட்டர்: முதன்முறை ஓடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் வசிப்பது சென்னையில். அக்காவைக் கொடுத்திருப்பது கோயம்புத்தூரில், வடவள்ளிப் பக்கம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அங்கே போய்த் தங்குவது வழக்கம். அந்தப் பயணங்களில் ஒன்றை டிசம்பர் நடுவில் வைத்துக்கொண்டு, கோயம்புத்தூர் மாரத்தானில் பத்துக் கிலோமீட்டர் ஓடத் தொடங்கிய பிறகுதான், சொந்த ஊரில் ஓடுவதற்கும் விருந்தாளியாகத் தங்கிய ஊரில் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு எனக்குப் புரிந்தது. சொந்த ஊரில் நம் உடம்பைக் கவனித்துக்கொண்டால் போதும். உறவினர் வீட்டிலிருந்து கிளம்பி ஓடும்போது அந்த வீட்டின் சமையல் நேரம், தூக்கம், வண்டி, கேட் சாவி, பெரியவர்களின் கவலை ஆகிய எல்லாமே நம் ஓட்டத்தோடு சேர்ந்துவிடுகின்றன. அவற்றைக் கெடுக்காமல் ஓடி முடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சில மாதங்களாகத் தெருவிலோ பூங்காவிலோ ஓடிப் பழகி, இதுவரை எந்தப் பந்தயத்திலும் கலந்துகொள்ளாதவர்களை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டாகக் கோயம்புத்தூரையே சொல்கிறேன். மதுரையிலோ திருச்சியிலோ உங்களுக்கு உறவினர் இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் வீட்டாரிடம் கேளுங்கள்

பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே உறவினர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். அந்த வாரத்தில் அவர்கள் வீட்டில் காதுகுத்தோ, கிரகப்பிரவேசமோ, பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வோ இருக்கலாம். தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் டிசம்பரில்தான் வரும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் விடியற்காலை மூன்றரை மணிக்கு விளக்கைப் போட்டு நடமாடுவது சரியாகாது. "ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கரை மணிக்கு நான் கிளம்ப வேண்டியிருக்கும், ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவேன், உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?" என்று நேரத்தோடு கேட்டால் அவர்களும் நேரத்தோடு பதில் சொல்வார்கள். வெறுமனே "மாரத்தான் ஓடப்போகிறேன்" என்று சொன்னால், முழு நாளும் போய்விடும் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

தூரமும் பதிவும்

கோயம்புத்தூர் மாரத்தான் 2013-இல் தொடங்கியது. கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளையின் பணிகளுக்கு நிதி திரட்டுவதும், அந்நோய் குறித்த விழிப்புணர்வை வளர்ப்பதும் அதன் நோக்கம். மாரத்தான் என்ற பெயரில் நடந்தாலும், அரை மாரத்தானாகிய 21.1 கிலோமீட்டரோடு பத்து, ஐந்து கிலோமீட்டர் ஓட்டங்களும் உண்டு. முதன்முறை ஓடுபவர்களுக்குப் பத்துக் கிலோமீட்டரே ஏற்றது என்பது என் கருத்து. பயிற்சியில் ஏழெட்டுக் கிலோமீட்டரை மூச்சு முட்டாமல், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிறவர் பத்தை முடித்துவிடலாம். அரை மாரத்தான் ஓடியவர் அன்று மாலை வரை படுத்துத்தான் கிடப்பார். உறவினரைப் பார்க்கப் போன இடத்தில் அது நன்றாக இருக்காது.

பதிவு இணையவழியில்தான் நடக்கும். முன்கூட்டியே பதிந்தால் கட்டணம் சற்றுக் குறைவாக இருப்பது பெரும்பாலான ஓட்டங்களில் வழக்கம். இடங்கள் நிரம்பினாலோ கடைசித் தேதி கடந்தாலோ பதிவை மூடிவிடுவார்கள் என்பதால், போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பதிவுப் படிவத்தில் இரண்டு இடங்களை நிதானமாக நிரப்புங்கள். ஒன்று டி-சர்ட்டின் அளவு: நன்றாகப் பொருந்துகிற பழைய டி-சர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்து, படிவத்தில் தந்திருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றொன்று அவசரத் தொடர்பு எண். பலர் இதில் சென்னையில் இருக்கும் மனைவியின் எண்ணையோ, தம்மோடு ஓடவிருக்கும் நண்பரின் எண்ணையோ போட்டுவிடுகிறார்கள். வழியில் மயங்கி விழுந்தால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரால் என்ன செய்ய முடியும்? அந்த ஊரிலேயே இருக்கும், அரை மணி நேரத்தில் வந்துசேரக்கூடிய உறவினரின் எண்ணைக் கொடுங்கள். கொடுத்திருப்பதை அவரிடமும் சொல்லிவையுங்கள்.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்களும் பதிவுக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஓட்ட நாளில் அளவை எப்படி மாற்றிக்கொள்வது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும்.

பயணத்தை எந்த நாளில் வைத்துக்கொள்வது

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. ஓட்டத்தின் தேதி அதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்பதால், முன்பதிவு திறக்கும் நாளை நாள்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்றால், வெள்ளிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சனிக்கிழமை காலையில் இறங்குவது பலர் செய்யும் ஏற்பாடு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ரயிலில் அரைகுறையாகத் தூங்கி, அடுத்த இரவும் பரபரப்பில் தூக்கம் வராமல் போனால், இரண்டு இரவுக் களைப்போடு ஓட நேரிடும். வியாழன் இரவே கிளம்ப முடிந்தால் நல்லது. அது முடியாவிட்டால், 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை-கோயம்புத்தூர் வந்தே பாரத் ரயிலிலோ வேறு பகல்நேர ரயிலிலோ வெள்ளிக்கிழமை வந்து சேருங்கள். பகல் பயணத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவந்தால் கால் இறுகாது.

ஷூவைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். மற்ற எதை மறந்தாலும் கோயம்புத்தூரில் வாங்கிக்கொள்ளலாம். கடையில் வாங்கிய புது ஷூவை மாட்டிக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் ஓட முடியாது. ஓடிப் பழகிய ஷூ, துவைத்துப் பழகிய காலுறை, பழைய கால்சட்டை ஆகிய மூன்றையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கால்விரல் நகங்களைப் புதன்கிழமையே வெட்டிவிடுங்கள். கடைசி நாளில் ஒட்ட வெட்டினால் ஓடும்போது விரல் நுனி எரியும்.

பிப் வாங்குவது

மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையைத்தான் ஓடுபவர்கள் பிப் என்று சொல்கிறார்கள். நேரத்தைக் கணக்கிடும் சிப்பைப் பெரும்பாலும் அதன் பின்புறம் ஒட்டியிருப்பார்கள். ஆகவே அதை மடிக்கவோ கசக்கவோ கூடாது. ஓட்டத்துக்கு முந்தைய ஓரிரு நாள்களில், குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்குள் பிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஓட்டங்களில் ஓட்டத்தன்று காலையில் பிப் தருவதில்லை. ஒருமுறை வேறோர் ஊரில், உறவினர் வீட்டு மதிய விருந்தை முடித்துக்கொண்டு மாலையில் நிதானமாகப் போய், மூடிய கவுண்டரின் முன் நின்றேன். மூன்று மாதப் பயிற்சி அங்கேயே முடிந்துபோனது. அன்று முதல், ஊரில் இறங்கியவுடன் குளித்து, காப்பி குடித்து, பிப்பை வாங்கிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கிறேன்.

அடையாள அட்டையையும், பதிவை உறுதிசெய்த மின்னஞ்சலின் அச்சுப்படியையும் எடுத்துச் செல்லுங்கள். உங்களால் போக முடியாவிட்டால், உங்கள் அடையாள அட்டையின் நகலையும் கையெழுத்திட்ட கடிதத்தையும் கொடுத்து உறவினரை அனுப்ப முடியுமா என்பதை விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய இடத்திலேயே உறையைத் திறந்து, பெயரும் தூரமும் சரியா, நான்கு ஊக்குகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிப்பின் பின்பக்கத்தில் இரத்த வகை, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை எழுதும் இடம் இருந்தால் அன்றே பேனாவால் நிரப்புங்கள். உங்கள் பிப்பை வேறொருவருக்குக் கொடுத்து ஓடச் சொல்லாதீர்கள். விழுந்து கிடப்பவர் ஒருவர், அட்டையில் இருக்கும் பெயரும் இரத்த வகையும் இன்னொருவருடையவை என்றால், மருத்துவக் குழுவினர் செய்வதறியாமல் திகைப்பார்கள்.

பிப் வாங்கப் போகும்போது வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வது நல்லது. உங்கள் ஓட்டம் அவர்களுக்கும் உரியதாகிவிடும். மறுநாள் காலையில் எழுந்து வந்து கைதட்டுவதற்கு அதைவிட நல்ல அழைப்பு வேறில்லை. திரும்பும் வழியில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையைக் காட்டிவிட்டு வாருங்கள். ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்று, நிழல் மரங்களோடு காலையிலும் மாலையிலும் நடப்பவர்களால் நிறைந்திருக்கும். சனிக்கிழமை காலையில் அங்கே இருபது நிமிடம் மெதுவாக ஓடினால், பயணத்தில் விறைத்த கால் தளரும். அந்த ஊரின் காற்றும் பழகும்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சை வாங்கச் செய்யும் உயரம் அன்று; ஆனால் சென்னையின் புழுக்கம் அங்கே இல்லை. டிசம்பர் விடியற்காலையில் ஏறக்குறைய இருபது டிகிரிதான் இருக்கும். சென்னையில் ஓடிப் பழகியவருக்கு முதல் இரண்டு கிலோமீட்டர் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில் வேகத்தைக் கூட்டிவிடுவதுதான் வெளியூர்க்காரர்கள் செய்யும் தவறு.

விருந்தும் முந்தைய இரவும்

இந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் கடினமானது. ஊரிலிருந்து வந்தவரை வெறும் சோற்றோடு விடுவது எந்த வீட்டுக்கும் வழக்கமில்லை. சனிக்கிழமை இரவு கோழிக் குழம்பும் பரோட்டாவும் தயாராக இருக்கும்போது, "நான் இதெல்லாம் சாப்பிட மாட்டேன்" என்று சொல்வது சமைத்தவர்களின் மனத்தைப் புண்படுத்தும். வேண்டாம் என்று மறுப்பதைவிட, வேண்டியதை முன்பே கேட்பது நல்லது. நான் இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமையே அக்காவிடம், "நாளை ராத்திரிக்கு அரிசிம்பருப்பு செய்து கொடு, கோழியை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுகிறேன்.

கொங்கு நாட்டு வீடுகளில் அரிசிம்பருப்பு சாதம் அவசரத்துக்குச் செய்வது. அரிசியையும் துவரம்பருப்பையும் சேர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் தாளித்துக் குழைய வேகவைக்கிறார்கள். அடுப்பிலிருந்து இறக்கும்போது சட்டியின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் கொதி அடங்கிக்கொண்டிருக்கும். சீரகமும் வெங்காயமும் வதங்கிய வாசம் முன்வாசல் வரை வரும். மேலே ஊற்றுகிற நெய்யை மட்டும் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டால், ஓட்டத்துக்கு முந்தைய இரவுக்கு இதைவிடப் பொருத்தமான உணவு எனக்குத் தெரிந்து இல்லை. ஏழரை மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். "ஓடறதுக்குத் தெம்பு வேண்டாமுங்களா தம்பி, இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கோங்க" என்று அக்காவின் மாமியார் சொல்வார். ஒரு கரண்டி வாங்கிக்கொள்வேன். அவர் மனமும் நிறையும், என் வயிறும் தாங்கும்.

வழக்கமாகச் சாப்பிடாத எதையும் அன்று புதிதாகச் சாப்பிடக் கூடாது. கடைத்தெருக் காளானும், எண்ணெயில் பொரித்த பண்டங்களும் மறுநாள் வரை காத்திருக்கட்டும்.

படுக்கப் போவதற்கு முன் நான்கு வேலைகள் இருக்கின்றன. டி-சர்ட்டில் பிப்பைக் குத்திவைத்து, உடைகளையும் ஷூவையும் கூடத்தில் ஓர் ஓரமாக எடுத்துவையுங்கள். விடியற்காலையில் பெட்டியைத் திறந்து துழாவும் ஓசையில் வீடே எழுந்துவிடும். கேட் சாவி எங்கே இருக்கிறது, தாழ்ப்பாள் எப்படித் திறக்கிறது என்பதை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் நாய் இருக்கிறதா என்று கேளுங்கள். போகும் வண்டியையும் முடிவுசெய்யுங்கள்: விடியற்காலை நான்கரை மணிக்குச் செயலியில் கார் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம், அந்தத் தெருவுக்குப் பழக்கமான ஆட்டோக்காரரிடம் மாலையிலேயே சொல்லிவைப்பது உறுதியான வழி.

பெண்கள் தனியாக இருட்டில் கிளம்புவதைப் பற்றிப் பெரியவர்கள் கவலைப்பட்டால் அதை வாதமாக்க வேண்டாம். வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுபோய் விடவும், சேர்ந்ததும் நீங்கள் ஒரு செய்தி அனுப்பவும் ஏற்பாடு செய்துகொண்டால் அவர்களும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

தூக்கம் வராவிட்டால் பதற வேண்டாம். கண்ணை மூடிப் படுத்திருந்தாலே ஓரளவு ஓய்வு கிடைக்கும்.

காலையில்

ஓட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எழுந்திருங்கள். ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியும் போதும். காப்பி குடிக்கும் பழக்கமுள்ளவர்கள் குடிக்கலாம், பழக்கமில்லாதவர்கள் அன்று தொடங்க வேண்டாம். தொடையின் உட்புறத்திலும் அக்குளிலும் வாஸ்லினைத் தடவிக்கொண்டால் உரசிப் புண்ணாகாது. வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். உடல் நீரிழந்திருக்கும்போது அவ்வகை மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

தொடங்குமிடத்தைச் சுற்றிய சாலைகளைப் போக்குவரத்துக் காவலர்கள் முன்பே அடைத்துவிடுவார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி இறங்கி நடந்துபோகும் எண்ணத்தோடு கிளம்புங்கள். அந்த நடையே உடம்பைச் சூடேற்றிவிடும். முதலில் கழிப்பறை வரிசையில் நில்லுங்கள், பிறகு பை வைக்கும் கவுண்டருக்குப் போங்கள். டிசம்பர் நடுவில் கோயம்புத்தூரில் சூரியன் உதிக்க ஏறத்தாழ ஆறரை மணி ஆகும் என்பதால், முதல் கிலோமீட்டர்களை இருட்டில் ஓட நேரலாம். பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள், வேகத்தடைகளைக் கவனியுங்கள்.

ஓடும்போது

வேகமாக ஓடுபவர்கள் முன்வரிசையில் நிற்கட்டும். நீங்கள் பின்பாதியில் நில்லுங்கள். சிப் நீங்கள் கோட்டைக் கடக்கும் நொடியிலிருந்துதான் கணக்கிடுகிறது, ஆகவே பின்னால் நிற்பதால் இழப்பு ஏதுமில்லை. முதல் மூன்று கிலோமீட்டரைப் பயிற்சியில் ஓடுவதைவிட மெதுவாக ஓடுங்கள். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்றால் பத்தை ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கலாம். முதல் பந்தயத்துக்கு அது மதிப்பான நேரம்தான்.

தண்ணீர் நிலையத்தில் முதல் மேசையில் எல்லோரும் முண்டியடிப்பார்கள். கடைசி மேசையில் கூட்டம் இருக்காது. குவளையை வாங்கி, நடந்துகொண்டே குடித்து, தொட்டியில் போடுங்கள். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள், ஒவ்வொரு நிலையத்திலும் வயிறு நிறையக் குடிப்பது உடம்பின் உப்பைக் குறைத்து ஆபத்தாக முடியலாம். கையில் ஓ.ஆர்.எஸ். கொண்டுபோனால், ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் அளவு மிஞ்சி வயிற்றைப் பிரட்டும். மார்பில் வலி, தலைசுற்றல், உடம்பு சில்லிட்டு வியர்த்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்த இடத்திலேயே நின்று தன்னார்வலரைக் கூப்பிடுங்கள்.

வீட்டார் கைதட்ட வருவதானால் இடத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டுக் கொடுங்கள். ஆறேகாலுக்குக் கோட்டைக் கடந்தால், ஆறாவது கிலோமீட்டரில் ஏழு மணிக்கு இருப்பீர்கள். சாலையின் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். ஓர் ஆண்டு அக்காவும் பிள்ளைகளும் எதிர்ப்பக்கத்தில் நின்றதால், நடுவிலிருந்த தடுப்புக்கு அப்பாலிருந்து கையசைத்துக்கொண்டே கடந்துபோனேன். அவர்கள் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு இருட்டில் எழுந்து வந்தவர்கள். அவர்கள் முன் அரை நிமிடம் நின்று பேசிவிட்டு ஓடுவதில் எந்தக் குறையும் இல்லை.

வீடு திரும்பிய பிறகு

முடிவுக்கோட்டைக் கடந்ததும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். பதக்கத்தையும் சிற்றுண்டியையும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பிவிட்டதைத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஷூவை வாசலிலேயே கழற்றி, வியர்வைத் துணியை நீங்களே அலசிப் போட்டு, குளித்துவிட்டுக் காலை உணவுக்கு உட்காருங்கள். இட்லியோ சந்தவையோ எது இருந்தாலும் அதோடு முட்டையோ தயிரோ சேர்த்துக்கொண்டால் தசைகள் தேற உதவும். சாப்பிட்டதும் போய்ப் படுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வந்தது அவர்களைப் பார்க்க. காய் நறுக்கிக் கொடுப்பதோ, கடைக்குப் போய் வருவதோ, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதோ, அந்த நாளில் உங்கள் பங்கைச் செய்யுங்கள். சற்று நடமாடிக்கொண்டிருந்தால் கால்வலியும் குறையும். தூக்கம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும்.

அன்றிரவே ரயில் என்றால், கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள். ஓடிய காலோடு மேலே ஏறி இறங்குவது கடினம். முடிந்தால் திங்கள்கிழமையும் தங்குங்கள். நான் தங்கிய ஆண்டில், திங்கள் காலையில் அக்காவின் கணவரோடு ரேஸ் கோர்ஸில் ஒரு சுற்று நடந்தேன். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐந்து கிலோமீட்டரை நடந்தே முடிக்கலாமா என்று கேட்டார். முடிக்கலாம், ஆனால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் பார்த்துவிட்டு வந்த பிறகு, அடுத்த ஆண்டுப் பதிவுக்கு அவருடைய டி-சர்ட் அளவையும், அவசரத் தொடர்புக்கு அக்காவின் எண்ணையும் குறித்துவைத்துக்கொண்டேன்.